டிரைவிங் ஸ்கூல் சீட்டும் லைசென்ஸும்: சைபர் செக்யூரிட்டி ஆன்லைன் சான்றிதழ்களைப் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மகனின் போனைக் கொண்டுவந்து நீட்டினார். ‘ஆறே மாதத்தில் சைபர் செக்யூரிட்டி நிபுணர், நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று ஒரு விளம்பரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ இந்த வேலைதானே பாக்குற தம்பி? இந்த சர்டிபிகேட்ட வாங்கினா இவனுக்கு வேலை கிடைக்குமா? எண்பதாயிரம் கேக்குறாங்க. மாசாமாசம் கட்டலாமாம்.”

பையன் பி.காம். முடித்தவன். தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கஸ்டம்ஸ் பேப்பர் வேலை பார்க்கிறான். நான் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியின் செக்யூரிட்டி பிரிவில் இருக்கிறேன். பாதி நாள் நைட் ஷிஃப்ட். ‘செக்யூரிட்டி’ என்று கேள்விப்பட்டுத் தெருவில் பாதிப் பேர் நான் ஏதோ ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது வேறு கதை.

அக்காவுக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. சர்டிபிகேட் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன. அவருடைய வீட்டுக்காரர் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர். அதனால் அந்த வழியிலேயே சொல்ல ஆரம்பித்தேன்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால் கடைசியில் ஒரு சீட்டு தருவார்கள். இன்னார் எங்களிடம் இத்தனை நாள் பயிற்சி எடுத்தார் என்று அதில் இருக்கும். அதைத் தருவது சொல்லிக்கொடுத்தவரே. லைசென்ஸ் அப்படி இல்லை. அதற்கு ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய், சொல்லிக்கொடுக்காத ஒருவர் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். நீங்கள் எந்த ஸ்கூலில் கற்றீர்கள், மாமாவிடம் கற்றீர்களா என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம்.

ஆன்லைன் சான்றிதழ்களும் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். வீடியோ பார்த்து, இடையிடையே வரும் கேள்விகளுக்குப் பதில் அளித்து, பயிற்சிகளை முடித்ததும் பாடம் நடத்திய தளமே தருவது ஒன்று. அதைப் படிப்புச் சான்று என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பணம் கட்டி, கண்காணிப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேறினால் மட்டும் கிடைப்பது இன்னொன்று. அது தேர்வுச் சான்று. விளம்பரங்கள் இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன என்பது என் எண்ணம்.

படிப்புச் சான்றுக்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கோர்செரா தளத்தில் இருக்கும் கூகுளின் சான்றிதழ்கள். ஐடி சப்போர்ட் சான்றிதழ் 2018-இல் வந்தது, சைபர் செக்யூரிட்டி 2023-இல். பட்டப்படிப்போ முன் அனுபவமோ கேட்பதில்லை. வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்துக்குள் முடிக்கலாம் என்று கூகுளே சொல்கிறது. லினக்ஸ் இயங்குதளம், தகவல் தளங்களில் தேட உதவும் எஸ்க்யூஎல், கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, கணினிகள் தானாக எழுதிவைக்கும் பதிவேடுகளைத் திரட்டித் தேடும் கருவிகள் என்று பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள் தளத்திலேயே நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க்கிங் அகாடமி தரும் தொடக்கப் பாடங்களும் இந்த வகைதான், அதுவும் இலவசமாக.

தேர்வுச் சான்றில் ஆரம்பநிலைக்காரர்கள் அதிகம் கேள்விப்படுவது காம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் செக்யூரிட்டி பிளஸ். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையான அளவுகோலில் 750 எடுத்தால் தேர்ச்சி. சரியான விடையை டிக் அடிப்பதோடு விடமாட்டார்கள். எந்தத் தொடர்பை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலின் விதிகளை நீயே அடுக்கு, இந்தப் பதிவேட்டைப் பார்த்து எந்தக் கணினி பாதிக்கப்பட்டது என்று சொல் என்கிற மாதிரி செய்து காட்டும் கேள்விகளும் வரும். நெட்வொர்க் பக்கம் போகிறவர்களுக்கு சிஸ்கோவின் சிசிஎன்ஏ. அது இரண்டு மணி நேரத் தேர்வு, கட்டணம் 300 டாலர், வரி தனி. இரண்டுமே மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். ஹெவி லைசென்ஸை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வீட்டில் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கக் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் செக்யூரிட்டி பிளஸ் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தன் கணினிகளைக் காக்கும் சில வேலைகளுக்கு இன்னின்ன சான்று இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இதுவும் ஒன்று. நம் ஊரில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. இங்கே அது பயோடேட்டாவைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒரு படி இருக்கிறது. பிளஸ் டூ முடித்த மறுநாளே யாரும் டிரெய்லர் லைசென்ஸ் வாங்கிவிட முடியாது. முதலில் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இந்தத் துறையில் அதற்கு இணை, அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி என்ற சான்று. தேர்வில் தேறினாலும் ஐந்து வருட வேலை அனுபவத்தைக் காட்டினால்தான் முழுச் சான்று. கணினித் துறை சார்ந்த பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். ‘பிகினர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி, 45 நாள்’ என்று எங்காவது போஸ்டர் பார்த்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடலாம்.

சிஐஎஸ்எஸ்பி தரும் அதே ஐஎஸ்சி-2 அமைப்பு ஆரம்பநிலைக்கு சிசி என்றொரு தேர்வும் வைத்திருக்கிறது. பத்து லட்சம் பேருக்குப் பாடமும் தேர்வும் இலவசம் என்று 2022-இல் அறிவித்தார்கள். ஆனால் தேறிய பிறகு சான்றை உயிரோடு வைத்திருக்க வருடத்துக்கு 50 டாலர் சந்தா உண்டு. இலவசம் என்றதும் பாய்ந்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் விழித்தார்கள்.

படிப்புச் சான்று, தேர்வுச் சான்று இரண்டுக்கும் நடுவில் நம் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருக்கிறது. கிண்டியில் மெட்ராஸ் ஐஐடி முன்னின்று நடத்தும் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளம். பாடம் இலவசம். காரக்பூர் ஐஐடியின் எதிக்கல் ஹேக்கிங் மாதிரியான பன்னிரண்டு வாரப் பாடங்கள் இதில் இருக்கின்றன. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஆயிரம் ரூபாய் கட்டி நேரில் ஒரு தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வாரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. மகன் கல்லூரியில் இருந்தபோதே இதைச் செய்திருந்தால் கிரெடிட் கணக்கிலும் சேர்த்திருக்கலாம் என்றபோது அக்கா அவனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். கல்லூரியில் இருப்பவர்கள் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்பதையும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

இதற்குள் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

பையனுக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. தினமும் கன்டெய்னர் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவன். கணினிப் பாதுகாப்பின் அடிப்படை மூன்று சொற்கள். எல்லாப் பாடமும் முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லும். ரகசியம், மாறாமை, கிடைத்தல்.

கன்டெய்னருக்குள் என்ன சரக்கு, யாருக்குப் போகிறது என்பது சம்பந்தமில்லாதவனுக்குத் தெரியக் கூடாது. அது ரகசியம். கதவில் போட்ட சீல் உடையாமல், பேப்பரில் இருக்கும் அதே சீல் நம்பரோடு வந்து சேர வேண்டும். அது மாறாமை. கணினியில் ஒரு கோப்புக்கு ‘ஹேஷ்’ என்று ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடுவார்கள். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். சீல் நம்பர் செய்யும் வேலையை அது செய்கிறது. மூன்றாவது, கப்பல் கிளம்புவதற்குள் கேட் திறந்திருக்க வேண்டும். ஹார்பரின் ஜீரோ கேட்டில் வண்டிகள் எண்ணூர் ரோடு வரை நின்றுவிட்டால் சரக்கு பத்திரமாக இருந்து என்ன பயன்? அது கிடைத்தல்.

மூன்றாவது உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் துறைமுகத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற, கணினிகளை முடக்கும் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து வந்தது அது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் ஒரே நாளில் படுத்துவிட்டன. மும்பை ஜேஎன்பிடி துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையம் வரை வேலை நின்றது. ஏறக்குறைய 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது என்று அந்த நிறுவனத்தின் தலைவரே பிறகு சொன்னார். நட்டம் 20 முதல் 30 கோடி டாலர். பையன் இதைக் கேட்டதும், “அப்ப எங்க ஆபீஸ்ல டேலி அப்டேட் வந்தா போடக் கூடாதாண்ணா?” என்றான். போடத்தான் வேண்டும். பழைய ஓட்டையை அடைப்பதும் அப்டேட்தான், அரிதாக எதிரி நுழைவதும் அதன் வழியாகத்தான். இந்தச் சிக்கலை நிதானமாக யோசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்த வேலையில் சம்பளம் தருகிறார்கள்.

இன்னொரு மூன்று சொற்களையும் ஆரம்பத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். பலவீனம், அச்சுறுத்தல், இடர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் ரோட்டை விடத் தாழ்வாக இருப்பது வீட்டின் பலவீனம். புயல் என்பது அச்சுறுத்தல். தண்ணீர் உள்ளே ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, ஏறினால் ஃபிரிட்ஜ், பீரோ, பத்திரம் எல்லாம் சேர்த்து எவ்வளவு போகும் என்ற கணக்கு இடர். மூன்றாவது மாடியில் இருப்பவருக்கும் அதே புயல்தான். ஆனால் அவர் இடர் வேறு.

முதலில் ஐடி, பிறகு செக்யூரிட்டி

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படித்து முடித்த புதிதில் நானும் ஒரு நிறுவனத்தில் பெரிய தொகை கட்டினேன். தங்க நிற முத்திரை போட்ட, லேமினேட் செய்த சான்றிதழ் தந்தார்கள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் நேர்காணலில் எதிரில் இருந்தவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “பிரவுசரில் ஒரு முகவரியை அடித்து என்டர் தட்டுகிறீர்கள். பக்கம் திரையில் வருவதற்குள் என்னென்ன நடக்கிறது, சொல்லுங்கள்” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் எதிர்பார்த்தது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மனிதனுக்குப் புரியும் பெயரை எண் முகவரியாக மாற்ற கணினி முதலில் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். பிறகு அந்த எண்ணில் இருக்கும் சர்வரின் 443-ஆம் போர்ட்டை, அதாவது அந்த எண் போட்ட வாசலைத் தட்டும். நீ யார் என்று அடையாளம் பார்த்து, யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி இருவரும் ஒரு சாவியை ஒப்புக்கொள்வார்கள். அதற்கு மேல்தான் பக்கம் வரும். இதில் எந்தப் படியில் திருடன் கைவைக்க முடியும் என்பதுதான் செக்யூரிட்டி. படிகளே தெரியாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

அதனால்தான் யார் கேட்டாலும் ஐடி சப்போர்ட் அல்லது நெட்வொர்க்கில் ஆரம்பி என்கிறேன். பாஸ்வேர்டை மாற்றித் தருவது, பிரிண்டர் ஏன் அழுகிறது என்று பார்ப்பது, வைஃபை ஏன் மூன்றாவது அறையில் கிடைக்கவில்லை என்று தேடுவது. கேட்க மட்டமாகத் தெரியும். ஆனால் கம்பெனியின் கணினிகள் எப்படி ஒன்றோடொன்று பேசுகின்றன என்பது அங்கேதான் கைக்கு வரும். இதற்காக ஓஎம்ஆர் வரை போக வேண்டும் என்பதும் இல்லை. பாரிமுனையின் ஷிப்பிங் ஆபீஸ்கள், மாதவரம், மணலிப் பக்கத்து கன்டெய்னர் கிடங்குகள், ராயபுரத்து மருத்துவமனைகள் என்று நம் பக்கத்திலேயே கணினி ஓடும் இடங்கள் எத்தனை! சம்பளம் குறைவுதான். ஆனால் பையன் மாதிரி கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து போட்டுப் பழகியவனுக்கு, அது ஏன் பாதுகாப்பானது, அந்தக் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனை மேசையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது ஏன் ஆபத்து என்று அந்த ஆபீஸிலேயே கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது.

செக்யூரிட்டியில் முதல் வேலை பெரும்பாலும் கண்காணிப்பு அறையில்தான். சினிமாவில் வருவதுபோல் பச்சை எழுத்து ஓடாது. இரவு இரண்டு மணிக்கு ஓர் எச்சரிக்கை வரும். ஓர் ஊழியரின் கணக்கில் சென்னையிலிருந்து ஒருவர் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வேறு நாட்டிலிருந்தும் நுழைந்திருக்கிறார். திருட்டா, இல்லை வேறு ஊரிலிருந்து வருவதுபோல் காட்டும் விபிஎன்னை அவர் போட்டிருக்கிறாரா? பதிவேடுகளைப் புரட்டி முடிவு செய்து, இரண்டு பத்தி எழுதி, அடுத்த ஆளை எழுப்பலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். இதில் அந்த ‘இரண்டு பத்தி எழுதி’ என்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் தெளிவாக நாலு வரி எழுதத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பாடத்தைத் தமிழில் குறிப்பெடுத்துப் புரிந்துகொள்ளுங்கள், அதை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். நான் அப்படித்தான் தேறினேன்.

எண்பதாயிரம் விஷயம்

கேட்க வேண்டிய கேள்விகள் சில. சான்றிதழில் கையெழுத்து யாருடையது? பாடம் நடத்துகிறவருடையது மட்டுமா, தேர்வு நடத்தும் வேறு அமைப்புடையதா? வேறு அமைப்பென்றால் அதன் தேர்வுக் கட்டணம் இந்த எண்பதாயிரத்துக்குள் அடங்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இழுவையாகத்தான் வரும். சான்றை ஒரு லிங்க் வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடியுமா? ‘மாசாமாசம்’ என்பது அவர்களிடமே கட்டும் தவணையா, உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடனா? கடன் என்றால் பையன் நடுவில் நின்றாலும் தவணை நிற்காது. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

‘தேர்வுக் கேள்விகள் அப்படியே தருகிறோம்’ என்று விற்கும் கும்பலும் உண்டு. பிடிபட்டால் தேர்வு ரத்தாகும், மறுபடி எழுதவே தடை வரலாம். பிடிபடாவிட்டாலும் என்னைக் கேட்ட அந்தக் கேள்வி நேர்காணலில் காத்திருக்கும்.

தேர்வு நாளைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது இனிஷியல். தேர்வுப் பதிவில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்பார்கள். நம் ஆட்கள் ஒரு கார்டில் இனிஷியலை முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரை முழுசாக என்று வைத்திருப்பார்கள். கொண்டுபோகும் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து பதிவு செய்யுங்கள். பெயர் ஒத்துப்போகாமல் மையத்து வாசலிலேயே திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற வசதி. கேமராவில் அறையின் நான்கு பக்கமும் காட்ட வேண்டும், தேர்வு முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, வாய்விட்டுக் கேள்வியைப் படிக்கக் கூடாது. ஒற்றை அறை வீட்டில், ஆடி மாதத்தில், தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கருக்கு நடுவில் இது நடக்கிற காரியமா? நடுவில் கரண்ட் போனால் இன்னும் மோசம். நேரில் மையத்துக்குப் போய் எழுதுவதே மேல். படிக்க இடம் இல்லை என்பவர்கள் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பாருங்கள்.

பயிற்சிக்குப் பணம் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டு ஜிபி ரேம் இருக்கும் ஒரு பழைய லேப்டாப் போதும். அதற்குள் விர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால் ஒரு கணினிக்குள் இன்னும் இரண்டு கணினிகளை ஓட்டலாம். ஒன்று தாக்கட்டும், இன்னொன்று தாங்கட்டும். நெட்வொர்க் பழக சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர், வெப்சைட் பாதுகாப்பு பழக போர்ட்ஸ்விக்கரின் அகாடமி, எல்லாமே இலவசம். எதிர் வீட்டு வைஃபையில் மட்டும் கைவைக்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைந்து பார்த்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66-ஆம் பிரிவின்கீழ் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் வரலாம். ‘சும்மா கத்துக்கத்தான் சார்’ என்பது ஸ்டேஷனில் எடுபடாது.

அக்கா எண்பதாயிரம் கட்டவில்லை. பையனுக்கு ஓவர் த வயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டைக் காட்டிவிட்டேன். 2220 என்ற போர்ட் வழியாக ஒரு லினக்ஸ் கணினிக்குள் போக வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் எங்கோ ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த நிலைக்குப் போகலாம். முதல் நாள் இரவிலேயே ஐந்து நிலை தாண்டிவிட்டான். நேற்று நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கும்போது அவனிடமிருந்து மெசேஜ்: “அண்ணா, பன்னெண்டாவதுல நிக்கிறேன். ஒரு ஃபைல பிரிச்சா உள்ள இன்னொரு ஃபைல், அதப் பிரிச்சா இன்னொண்ணு. எத்தன தடவ பிரிக்கணும்?”

பிரித்துக்கொண்டே இரு என்று பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.